முதலாளி ஆகப் போன புருஷோத்தமன்

பாண்டிச்சேரி கடற்கரைச் சாலை பெஞ்சில் உட்கார்ந்து எலுமிச்சை சாதத்தின் மூடியைத் திறந்தபோது புருஷோத்தமன் ஒரு முடிவுக்கு வந்தார். இனிமேல் முதலாளி ஆகிவிட வேண்டியதுதான்.

வேறு வழியும் இல்லை. சேதராப்பட்டில் மோட்டார் பாகங்கள் செய்யும் கம்பெனியில் அவர் சூப்பர்வைசர். அவர் பார்த்துக்கொண்ட உற்பத்தி லைனைக் கம்பெனி மூடிவிட்டது. "ஆர்டர் வந்தா கூப்பிடுறோம்" என்றார்கள். ஆர்டரும் வரவில்லை, அவர்களும் கூப்பிடவில்லை. இதை அவர் வீட்டில் சொல்லவில்லை. பேரிலேயே புருஷனையும் உத்தமனையும் வைத்திருக்கிற ஒரு மனுஷன், பெண்டாட்டி முன்னால் போய் நின்று வேலை போச்சு என்று எப்படிச் சொல்வது? அதனால் வழக்கம்போல யூனிபார்ம் சட்டையை மாட்டிக்கொண்டு, டிபன் டப்பாவோடு ஸ்கூட்டரில் கிளம்புவார். சேதராப்பட்டுக்குப் போகவேண்டிய ஸ்கூட்டர் கடற்கரைக்குத் திரும்பிவிடும். சாயங்காலம் வரை அவர் கடலைப் பார்ப்பார். கடல் அவரைப் பார்க்கும். இரண்டு பேருக்குமே அலுத்துவிட்டது.

ஆக, உழவர்கரையில் இருந்த அவருடைய வீட்டில் இப்போது ஓடிக்கொண்டிருந்த ஒரே லைன், கொல்லையில் துணி காயப்போடுகிற கொடிதான். அது அவர் மனைவி தாமரைச்செல்வியின் லைன். டவுனில் இருக்கும் கெஸ்ட் ஹவுஸ்களின் படுக்கை விரிப்பு, தலையணை உறை, துண்டு எல்லாம் அங்கே வந்து துவைபட்டு, இஸ்திரி ஆகி, மடிந்து திரும்பிப் போகும். கொல்லை ஷெட்டில் பெரிய மிஷின். துணைக்கு இரண்டு பெண்கள். எல்லாம் பெண் தொழில்முனைவோர் பயிற்சி என்று ஒரு திட்டத்தில் அவள் சேர்ந்ததிலிருந்து ஆரம்பித்தது.

சேரும்போதே புருஷோத்தமன் கேட்டார்.

"துணி துவைக்கப் பயிற்சியா? இதுவரைக்கும் பயிற்சி எடுத்துட்டா துவைச்ச?"

"துவைக்கறதுக்கு இல்லங்க. துவைக்க வைக்கறதுக்கு."

"அப்புறம் அதுல என்னா சொல்லித் தருவாங்க?"

"கணக்கு வழக்கு, வாடிக்கையாளர்கிட்ட பேசறது, அப்புறம் தலைமைப் பண்பு."

"வீட்டுக்குத் தலை நான் ஒருத்தன் இருக்கேனே?"

"இருக்கீங்க. நல்லா சாஞ்சு இருங்க. தலையணை நான் பாத்துக்கறேன்."

அன்றைக்கு அது மரியாதையாகத்தான் அவர் காதில் விழுந்தது.

இன்று காலை தோசை சாப்பிடும்போதுதான் அவருக்கு முதலாளி ஆகும் வாய்ப்பு வந்தது. தாமரைச்செல்வி யாரிடமோ பேசுவதுபோலத் தோசைக்கல்லிடம் பேசிக்கொண்டிருந்தாள்.

"முல்லா வீதியில ரூமானாவோட கெஸ்ட் ஹவுஸ் ஆர்டர் பெருசு. நானே மூட்டையத் தூக்கறதா, இங்க வேலையப் பாக்கறதா? பத்து பேர வச்சு வேலை வாங்கின அனுபவம் உள்ள ஆளா ஒருத்தர் வேணும்."

"ம்" என்றார் புருஷோத்தமன்.

"பேசாம பக்கத்து வீட்டுக் கமலக்கண்ணனக் கேக்கலாம்னு இருக்கேன். சும்மாதானே இருக்காரு."

கமலக்கண்ணன் ரேஷன் கடை வரிசையில்கூட ஒழுங்காக நிற்கத் தெரியாத ஆள்.

"அவனுக்கு என்ன அனுபவம்?"

"அனுபவம் உள்ளவங்க எல்லாம் ஃபேக்டரிக்குப் போயிடறாங்களே. நான் யாரப் போய்க் கேக்கறது?" என்று சொல்லிவிட்டு இன்னொரு தோசையைத் தட்டில் போட்டாள்.

எலுமிச்சை சாதத்தின் கடைசிப் பிடிக்குள் அவருடைய திட்டம் முழுசாகத் தயாராகிவிட்டது. கமலக்கண்ணனுக்கு முன்னால் முல்லா வீதிக்குப் போய்விடுவது. நான்தான் முதலாளி, இனிமேல் எல்லாம் என்கிட்டதான் பேசணும் என்று சொல்லிவிடுவது. பிறகு வீட்டுக்குப் போய், உன் தொழிலுக்காக ஃபேக்டரி வேலையையே தூக்கி எறிந்துவிட்டேன் தாமரை என்று அறிவிப்பது. வேலை போன அவமானம், வேலையை விட்ட தியாகமாக மாறிவிடும். தன் மூளையை நினைத்து அவருக்கே பெருமையாக இருந்தது.

கெஸ்ட் ஹவுஸ் வாசலில் ரூமானா நின்றிருந்தாள். சின்ன வயசுப் பெண். தாமரைச்செல்வியோடு அதே பயிற்சியில் படித்தவள்.

"நான் புருஷோத்தமன். லாண்டரியோட முதலாளி" என்றார், குரலைக் கொஞ்சம் கனமாக்கிக்கொண்டு.

"வாங்கண்ணே, உக்காருங்க. டீயா, காபியா?"

அவருக்கு உச்சி குளிர்ந்தது. டீ வந்தது. பிஸ்கட் வந்தது.

"இனிமே எது இருந்தாலும் என்கிட்ட பேசணும்மா. பொம்பளைங்களுக்கு ஏன் அலைச்சல்."

"அதுவும் சரிதாண்ணே. இன்னிக்குத் துணிய யார்கிட்ட குடுக்கணும்?"

"என்கிட்டதான். சொன்னேன்ல."

அவர் டீயைக் குடித்து முடிப்பதற்குள் மூட்டைகள் வாசலுக்கு வந்துவிட்டன. முதலாளி வேலையில் மூட்டை தூக்குவதும் உண்டு என்று அவர் நினைக்கவில்லை. ஆனால் என்கிட்டதான் என்று சொன்ன வாய் அவருடையது. ஸ்கூட்டரின் முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று, மடியில் ஒன்று என்று அடுக்கிக்கொண்டு கிளம்பினார். நேரு வீதி சிக்னலில் சிவப்புத் தொப்பி போலீஸ்காரர் கை காட்டி நிறுத்தினார்.

"பின்னால உக்காந்திருக்கறவங்களுக்கு ஹெல்மெட் எங்க?"

"சார், அது பெட்ஷீட்."

போலீஸ்காரர் சுற்றிவந்து பார்த்தார். சிரிப்பை அடக்கிக்கொண்டு, "பாத்துப் போங்க" என்றார்.

வீட்டுக்கு வந்தபோது தாமரைச்செல்வி ஷெட் வாசலில் நின்றிருந்தாள். ஃபேக்டரியில் இருக்கவேண்டிய புருஷன் நட்டநடு மத்தியானத்தில் மூட்டைகளுக்கு நடுவிலிருந்து இறங்குகிறார். அவள் முகத்தில் ஒரு வியப்பும் இல்லை. மூட்டையை வாங்கி உள்ளே வைத்துவிட்டு, ஒரு சொம்பு மோர் கொண்டுவந்து நீட்டினாள்.

"தாமரை, உனக்காக நான் ஃபேக்டரி வேலையையே விட்டுட்டேன்" என்றார்.

"ரொம்ப நன்றிங்க" என்றாள்.

அவ்வளவுதான். ஏன், எப்போது என்று ஒரு கேள்வி இல்லை. ரூமானா ஏற்கெனவே போன் செய்துவிட்டாள் என்பது அவருக்குப் புரிந்தது. காலையில் தோசைக்கல்லிடம் பேசிய பேச்சு உண்மையில் யாரிடம் பேசியது என்பதும் மெதுவாகப் புரிந்தது. மோர் பாதியிலேயே நின்றது.

"உனக்கு எப்பத் தெரியும்?"

அவள் துண்டுகளை மடித்துக்கொண்டே சொன்னாள். "உங்க சட்டைய யாரு துவைக்கறது? முன்னெல்லாம் ஒரே மிஷின் எண்ணெயா இருக்கும். எத்தனை தேய்ச்சாலும் போவாது. திடீர்னு ஒரு பொட்டு கறை இல்ல. காலர்ல உப்பு, மடிப்புல மணல், பாக்கெட்டுல சுண்டல் காயிதம். சேதராப்பட்டுக்குக் கடல் வந்துடுச்சான்னு யோசிச்சேன்."

"ஏன் என்னக் கேக்கல?"

"கேட்டா நீங்க ஒரு பொய் சொல்லணும். நாள் பூரா வெயில்ல உக்காந்துட்டு வர்ற மனுஷன், அதுக்கு மேல அதையும் வேற சுமக்கணுமா?"

கடற்கரை பெஞ்சில் உட்கார்ந்து புருஷோத்தமன் அதிகம் பயந்தது இந்த நிமிஷத்துக்குத்தான். அது இப்படி, ஒரு துண்டை மடிக்கிற நேரத்தில், நோகாமல் கடந்துபோகும் என்று அவர் நினைக்கவே இல்லை.

"நேரா வேலைக்கு வாங்கன்னு கூப்பிட்டிருக்கலாம்ல?" என்றார் கடைசியில்.

"கூப்பிட்டா வருவீங்களா?"

யோசித்துப் பார்த்தார். வரமாட்டார்.

"ஆளுங்கள எப்படி வேலைக்கு எடுக்கறதுன்னு வகுப்புல சொன்னாங்க. அவங்களுக்கா தோணணுமாம்" என்றாள். பிறகு கையிலிருந்த துண்டை வைத்துவிட்டு அவரை நேராகப் பார்த்தாள். "அந்த வகுப்புக்குத் தினமும் என்னக் கொண்டுபோய் விட்டது யாரு? திட்டிக்கிட்டேதான் விட்டீங்க. ஆனா மழை பேஞ்ச அன்னிக்குக்கூட லேட்டாக்கல. தையல்நாயகின்னு ஒருத்தி என்கூட சேந்தா. கொண்டு விட வீட்டுல ஆள் இல்லாம பாதியிலேயே நின்னுட்டா. நான் முடிச்சேன். அத நான் மறப்பேனா?"

அவர் கண்ணைத் துடைத்துக்கொள்ள ஏதாவது தேடினார். கைக்குக் கிடைத்தது துண்டுகளுக்குப் பக்கத்தில் மடித்து வைத்திருந்த ஒரு தலையணை உறை.

"அது இஸ்திரி போட்டதுங்க" என்று அவள் மெதுவாகப் பிடுங்கிக்கொண்டாள்.

உள்ளே வேலை செய்த பெண்கள் குனிந்து சிரித்தார்கள். அவருக்குக் கோபம் வரவில்லை. நிறைய நாளைக்குப் பிறகு சொந்த வீட்டில் பகல் வெளிச்சத்தில் நிற்பது நன்றாக இருந்தது. யூனிபார்ம் சட்டையைக் கழற்றிப் போட்டுவிட்டு மூட்டையைப் பிரிக்க உட்கார்ந்தார். விரிப்பு தனி, உறை தனி, காபி கொட்டினது தனி என்று அவள் சொல்லச் சொல்லப் பிரித்தார். சாயங்காலத்துக்குள் அந்த ஷெட்டில் எந்த மேஜையைத் தள்ளிப்போட்டால் வேலை சீக்கிரம் ஓடும் என்று அவருக்குத் தோன்றியது. சொன்னார். அவள் கேட்டாள். தள்ளிப்போட்டார்கள். நிஜமாகவே சீக்கிரம் ஓடியது.

அந்தத் தெம்பில் நாற்காலியில் சாய்ந்து காலை நீட்டிக்கொண்டார்.

"தாமரை, மூட்டை எடுக்கறது, கொண்டுபோய்க் குடுக்கறது, எல்லாம் நீ சொல்றபடி. நீதான் முதலாளி, ஒத்துக்கறேன். ஒண்ணே ஒண்ணு மட்டும் எனக்கு வேணும்."

"சொல்லுங்க."

"ஃபேக்டரியில ஞாயித்துக்கிழமை லீவு. இங்கயும் அது வேணும். அன்னிக்குக் கறிக்குழம்பு சாப்பிட்டுத் தூங்கணும்."

"குடுத்துட்டா போச்சு" என்றாள் அவள். "ஆமா, பாண்டிச்சேரிக்கு வெளியூர் ஜனங்க எந்தெந்த நாள்லங்க நிறைய வர்றாங்க?"

உள்ளூர் விவரம் கேட்டால் புருஷோத்தமனுக்கு உற்சாகம் வந்துவிடும். "இது தெரியாதா? சனி, ஞாயிறு. அன்னிக்குத்தான் ஒரு ரூம்கூடக் கிடைக்காது" என்று சொல்லி முடித்த பிறகுதான், தன் ஞாயிற்றுக்கிழமை லீவை என்ன செய்துவிட்டோம் என்பது அவருக்கு விளங்கியது.