நல்ல நேரம் பார்த்து மாற்றிய பி.எச்.பி.

கம்ப்யூட்டருக்கு விபூதி பூசியவன் நான். விவரம் தெரியாத வயதில் இல்லை. நாற்பத்து மூன்று வயதில், மூக்குக் கண்ணாடி போட்டுக்கொண்டு, யாரும் பார்க்காமல் கதவைச் சாத்திக்கொண்டு பூசினேன். பயம் வந்துவிட்டால் நான் படித்த படிப்பெல்லாம் என்னை விட்டுவிட்டு முதல் பஸ்ஸைப் பிடித்துப் போய்விடும்.

மயிலாடுதுறையில் சின்னதாக ஒரு கம்ப்யூட்டர் சென்டர் வைத்திருக்கிறேன். குவைத்திலிருந்து திரும்பிய கமால் பாய் மூன்று அறுவடை மெஷின் வாங்கியபோது, விவசாயிகள் போனிலேயே முறை போட்டுக்கொள்ள ஒரு இணையதளம் செய்துகொடுத்தேன். எந்த வயலுக்கு அடுத்து என்று டிரைவர் அதைப் பார்த்துத்தான் வண்டியை நகர்த்துவார். குத்தாலம் பக்கம் என் மாமனார் உட்பட (ஆமாம், இதில் மாமனாரும் உண்டு) அத்தனை பேரும் அதை நம்பியிருந்தார்கள்.

அந்தத் தளம் இருந்தது ஒண்டுக் குடித்தனத்தில். ஒரே சர்வரில் நூறு பேர். வீட்டுக்காரராகிய ஹோஸ்டிங் கம்பெனி மெயில்மேல் மெயிலாக அனுப்பியது: உங்கள் தளம் ஓடுகிற பி.எச்.பி. மென்பொருள் அரதப் பழசு, புதியதற்கு மாறுங்கள். மாறாவிட்டால் திருடன் உள்ளே வருவான். மாறினால், நான் பழைய பாணியில் எழுதிய நிரல் ஓடாமல் படுத்துவிடலாம். இரண்டில் எது என்று யோசிக்கும்போதே மெயிலை மூடிவிடுவேன்.

"தம்பி, மாத்தணுமா வேணாமா? ஒண்ணு சொல்லுங்க" என்று பாய் கேட்டது ஆடியில்.

"ஆடி மாசம் பாய். புதுசா எதையும் தொட வேணாம்."

அப்போது மூன்று வண்டிகளும் ஷெட்டில் தூங்கிக்கொண்டிருந்தன. அன்றைக்கே மாற்றித் தொலைத்திருந்தால், படுத்தாலும் ஒரு கொசுவுக்குக்கூடத் தெரிந்திருக்காது. ஐப்பசியில் மழையைக் காரணம் காட்டினேன். மார்கழியில் மறுபடி கேட்டார்.

"மார்கழியில நாங்க நல்ல காரியம் பண்ண மாட்டோம் பாய்."

"இது என்ன தம்பி, கல்யாணமா?"

(கல்யாணத்துக்கு நான் இவ்வளவு பயப்படவில்லை.)

தை பிறந்தது. கம்பெனி கெடு வைத்தது. காலண்டரைப் பார்த்து, வளர்பிறை முகூர்த்த நாள், காலை பத்தரை என்று குறித்தேன். அந்த நாளில் டெல்டா முழுக்கச் சம்பா முற்றித் தலைசாய்ந்து நிற்கும் என்பதும், மூன்று வண்டிகளும் வயலில் இருக்கும் என்பதும் காலண்டரில் போட்டிருக்கவில்லை. சாயங்காலம் மழை வரலாம் என்று டிவியில் சொன்னார்கள். நல்ல நேரத்தைத் தவறவிடக் கூடாதே என்ற கவலையில் அது காதில் ஏறவில்லை.

வீட்டுக் கம்ப்யூட்டருக்கு விபூதியைப் பூசினேன். பொத்தானை அழுத்தினேன்.

தளம் வெளுத்துவிட்டது. எழுத்தில்லை, படமில்லை, பிழைச் செய்திகூட இல்லை. பழைய பதிப்புக்கே திரும்பலாம் என்று தேடினால், பட்டியலில் அது இல்லை. நான் காலி செய்த நிமிஷமே வீட்டுக்காரர் பூட்டிவிட்டார். உதவிக்கு எழுதினால், "உங்கள் நிரலுக்கு நாங்கள் பொறுப்பல்ல, இனிய நாளாக அமையட்டும்" என்று பதில் வந்தது.

போன் அடித்தது. குத்தாலம் பக்கம் போன டிரைவர் முருகேசன்.

"சார், லிஸ்ட்டு வெள்ளையா இருக்கு. இங்க அஞ்சு பேரு நிக்கிறாங்க. அஞ்சு பேரும் நான்தான் அடுத்ததுங்கறாங்க. அதுல உங்க மாமாவும் ஒருத்தரு. யாருக்கு சார் போறது?"

மாமனார் பெயரைச் சொன்னால், சொந்தக்காரனுக்கு முறை கொடுத்தான் என்று ஊர் கிழிக்கும். சொல்லாவிட்டால் வீட்டில் கிழியும். அவர் வயல் பள்ளம். தண்ணீர் நின்றால் சாய்ந்த கதிர் இரண்டே நாளில் முளைத்துவிடும்.

"முருகேசா... சிக்னல் சரியில்ல..." என்று சொல்லி வைத்துவிட்டேன். பிறகு போனை அரிசி டிரம்முக்குள் போட்டு மூடினேன். அங்கிருந்தும் அடித்தது.

யார் குரல் பெரிதோ அவர் வயலில் வண்டி இறங்கியது. நாலு மணிக்கு மழையும் இறங்கியது. ஆறு மணிக்கு மாமனார் பேசினார்.

"மாப்ள, நல்லா இருக்கீங்களா?"

"இருக்கேன் மாமா."

"இங்க மழைங்க. வச்சுடறேங்க."

ஒரு 'ங்க'கூடக் குறையவில்லை. அதில்தான் எனக்குப் பயம் வந்தது. திட்டியிருந்தால் நிம்மதியாகத் தூங்கியிருப்பேன்.

மறுநாள் மதியம்வரை உட்கார்ந்து, பழைய கட்டளைகளை ஒவ்வொன்றாக மாற்றி எழுதினேன். பக்கம் உயிர் பெற்றது. முறைப்பட்டியல் ஒரு பெயர்கூடக் குறையாமல் பத்திரமாக இருந்தது. முதல் பெயரைப் பார்த்த சந்தோஷத்தில் (இதை முட்டாள்தனத்தின் இரண்டாம் பாகம் என்று வைத்துக்கொள்ளுங்கள்) அவருக்கே போன் போட்டேன்.

"மாமா! நீங்க சொன்னது சரிதான்! உங்க பேருதான் முதல்ல இருக்கு!"

"தெரியும் மாப்ள" என்றார்.

வயல் வடிந்து வண்டி இறங்க நாலு நாள் ஆனது. பாதி நெல் முளைவிட்டிருந்தது. வாங்க வந்தவர்கள் கையில் அள்ளி, மோந்து பார்த்து, கீழே போட்டுவிட்டுப் போனார்கள். கடைசியில் மாமனாரே அதை அவித்துக் காயவைத்து, அரைத்து, வீட்டோடு வைத்துக்கொண்டார். பழுப்பு நிறம், வடிக்கும்போதே ஒரு வாடை வரும். வீட்டில் அதற்குப் 'பி.எச்.பி. அரிசி' என்று பெயர். மற்றவர்களுக்கு வேறு அரிசி. நான் போனால் மட்டும் அந்த மூட்டை பிரியும். என் மனைவி சிரிப்பை அடக்க முடியாமல் கொல்லைப்பக்கம் போய்விடுவாள்.

இரண்டு வருஷம் ஓடிவிட்டது. போன வாரம் கம்பெனியிலிருந்து மறுபடி மெயில்: அடுத்த பதிப்பு வந்துவிட்டது, மாறுங்கள். அதே பயம். இந்த முறை காலண்டரை நம்பாமல் குத்தாலத்துக்கே போனேன். இலையில் பழுப்புச் சோறு விழுந்ததும் மெல்ல ஆரம்பித்தேன்.

"மாமா, மறுபடியும் மாத்தச் சொல்றாங்க. எப்ப வச்சுக்கலாம்?"

அவர் நிமிரவே இல்லை.

"இந்த அரிசி தீரட்டுங்க."