துருப்பிடிக்க வைப்பவர்

ரயில் பைத்தியங்களில் பல வகை உண்டு. ஸ்டேஷனில் நின்று வண்டி நம்பர் எழுதுகிறவர் ஒரு வகை. பிள்ளைக்கு வாங்கிய பொம்மை ரயிலைப் பிள்ளை கையில் கொடுக்காமல் தானே ஓட்டிப் பார்க்கிறவர் இன்னொரு வகை. இவர்களெல்லாம் சாது. இப்போது நீங்கள் பார்க்கப்போவது இவர்களைத் தாண்டிய முற்றின வகை. மைத்துனர் இவருக்கு வைத்த பெயர் துருக்காரர்.

துருக்காரருக்கு எக்ஸ்பிரஸ் ரயில் என்றாலே இளக்காரம். செங்கல் சூளையிலும் கல்குவாரியிலும் இரண்டடி அகலத் தண்டவாளத்தில் மண்ணையும் கல்லையும் இழுத்து இழுத்துத் தேய்ந்துபோன குட்டி டீசல் என்ஜின் இருக்கிறதே, அதுதான் அவருக்கு உயிர். அதைக் கையளவுக்குச் சுருக்கி, பித்தளைத் தகட்டில் வெட்டி, பற்றவைத்து, அரம் போட்டு, கடுகைவிடச் சின்ன ரிவெட் ஆணிகளை ஊசிமுனையால் ஒவ்வொன்றாக எழுப்பி, கண்ணைப் பறிக்கிற மாதிரி செய்து முடிப்பார். முடித்துவிட்டு ஓட்டுவாரா? அதுதான் இல்லை. அழுக்காக்குவார்.

பழுப்புச் சாயத்தைக் குழைத்துத் துரு வைப்பார். கரித்தூளை ஊதிப் புகை படியவைப்பார். செய்ய ஆன காலத்தைவிடப் பாழாக்க ஆகிற காலம் அதிகம். விவரம் தெரியாமல் யாராவது, "வண்டி ஓடுமா சார்?" என்று கேட்டுவிட்டால் முகம் தொங்கிப்போகும்.

"ஓடறது கிடக்கட்டும். அந்த ஆயில் கசிவைப் பாத்தீங்களா?"

கசிவை மெச்சத் தெரியாதவர்களுக்கு அந்த வீட்டில் இரண்டாவது காபி கிடையாது.

அவருடைய மனைவி தையல் தைக்கிறவர். பக்கத்துப் பள்ளிக்கூடத்துச் சீருடையெல்லாம் அவர் கை வேலைதான். வெளிச்சமுள்ள முன்னறையை, கணவர் மேஜைமேல் செய்து வைத்த குட்டிச் சூளையும் தண்டவாளமும் பிடித்துக்கொண்டதால், தையல் மிஷின் பின்னறையில், ஓதம் ஏறிய சுவரை ஒட்டிக் கிடந்தது. மழை வலுத்ததும் ஓதம் மெல்ல நகர்ந்து துணி அலமாரியைத் தொட்டுவிட்டது. பள்ளி திறக்க நாள் நெருங்குகிறது. சட்டையில் கறை பட்டால் ஆர்டர் போச்சு, இத்தனை வருஷமாகச் சேர்த்த நல்ல பெயரும் போச்சு. அந்த அம்மாள் கொத்தனாரை வரச் சொல்லிவிட்டார்.

துருக்காரர் பதறிப்போனார். துணிக்காக என்றா நினைக்கிறீர்கள்? அந்தச் சுவரைப் பார்த்துத்தான் அவர் தன்னுடைய குட்டி என்ஜின் கொட்டகைக்குப் பாசி தீட்டிக்கொண்டிருந்தார். பாதிதான் முடிந்திருந்தது.

"கொஞ்ச நாள் பொறுத்துக்கம்மா. அடியில ஒரு பச்சை இருக்கு பாரு, அது எனக்கு இன்னும் சரியா வரல."

"எனக்கு வந்துடுச்சுங்க. இதோ, சட்டையில."

அவர் சட்டையை வாங்கி ஜன்னலருகே பிடித்துப் பார்த்தார். "இதான்! இதேதான்!" என்று கூவி, சட்டையோடு முன்னறைக்குள் நுழைந்துகொண்டார். வாசலில் நின்ற கொத்தனாருக்கு, அடுத்த மாதம் பார்க்கலாம் என்று பதில் போயிற்று.

அடுத்த மாதம் வரை சுவர் காத்திருக்கவில்லை. ஒருநாள் காலை அவர் ஆபீசில் இருக்கும்போது பூச்சு பெயர்ந்து, தைத்து மடித்து வைத்திருந்த சட்டைகள் மேல் பாளம் பாளமாக விழுந்தது. மனைவி போன் செய்தார்.

"பின்னறைச் சுவர் இடிஞ்சு கொட்டுதுங்க. சட்டையெல்லாம் நாசம்."

"ஐயையோ! பாசி இருந்த பக்கமா? எதையும் பெருக்கிடாத, நான் வந்து போட்டோ எடுக்கணும்."

மறுமுனையில் "சரிங்க," என்று மட்டும் கேட்டது. கல்யாணமானவர்களுக்கு அந்தச் 'சரிங்க' எப்பேர்ப்பட்டது என்று தெரியும்.

சாயங்காலம் கேமராவைச் சரிபார்த்துக்கொண்டே வீட்டுக்குள் நுழைந்தவர் அப்படியே நின்றுவிட்டார். முன்னறை ஜன்னலோரம் தையல் மிஷின் கடகடவென்று ஓடிக்கொண்டிருந்தது. சூளையும் தண்டவாளமும் மேஜையோடு பின்னறைக்குக் குடிபோயிருந்தன. பின்னறைச் சுவரைச் சுரண்டிப் புதுப் பூச்சு பூசி வெள்ளையும் அடித்தாகிவிட்டது. என்ஜின் கொட்டகையும் வெள்ளைவெளேரென்று இருந்தது. அதன் வாசலில் குட்டி என்ஜின் கல்யாணச் சீர்ப் பாத்திரம்போல் மின்னியது.

மனைவி மிஷினை நிறுத்தாமலே சொன்னார்: "ஒரே துருவா இருந்துச்சு, சோப்பு போட்டுத் தேச்சு வெச்சிருக்கேன். கொட்டகைக்கும் சேத்துப் பூசச் சொன்னேன். அதுக்குத் தனியா கூலி வேண்டாம்னுட்டார் கொத்தனார்."

துருக்காரர் என்ஜினை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்; ஒரு சொட்டு ஆயில் கசிவுகூட மிச்சமில்லை. அந்த நேரம் பார்த்தா மைத்துனர் வரவேண்டும்?

"அட, இப்பதான் மாமா பாக்க நல்லாருக்கு!"

பாவம், அன்று ராத்திரி அவர் சாப்பிடவில்லை. ஆனாலும் மறுநாளே பழுப்புச் சாயத்தைக் குழைக்க உட்கார்ந்துவிட்டார். ஜன்னலோரம் மட்டும் திரும்பக் கிடைக்கவில்லை.

சிரிக்கிறீர்கள். நமக்கு இந்த ரயிலும் துருவும் கிடையாது, நாம் தப்பித்தோம் என்று நிம்மதி. இருக்கட்டும். உள்ளேயிருந்து யாரோ உங்களைக் கூப்பிட்டு வெகுநேரம் ஆகிறது. "இதோ வந்துட்டேன்" என்று சொல்லிச் சொல்லியே கடைசி வரிவரைக்கும் படித்துவிட்டீர்கள்.