மூன்றாம் அத்தியாயமும் அழுகிய கற்றாழையும்

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

அத்தை எழுதுவது. இங்கே நானும் நாற்றுகளும் நலம். அங்கே நீங்களும் என் மகளும் நலமாக இருக்க வேண்டும். இந்தக் கடிதத்தை முழுக்கப் படிக்க உடம்பில் தெம்பு தேவைப்படும். கணினியில் எழுதினால் யார் மாற்றுவார்களோ என்று பயந்து பேனாவால் எழுதுகிறேன்.

முப்பது வருடம் நாற்றுப் பண்ணை நடத்தியவள், செடி வளர்ப்பைப் பற்றி ஒரு புத்தகம் எழுத ஆசைப்பட்டேன். நோட்டில் என் பாட்டுக்கு எழுதிக்கொண்டிருந்தவளை நீங்கள்தான் தடுத்தீர்கள். "நோட்டு வேணாம் அத்தை, தொலைஞ்சிடும். எங்க ஆபீஸ்ல புரோகிராம் எழுதுற மாதிரியே கம்ப்யூட்டர்ல எழுதலாம், யார் வேணா திருத்தலாம். அம்மாவும் சேர்ந்து எழுதட்டும், அவங்களுக்கும் மாடித் தோட்டம் இருக்குல்ல?" என்றீர்கள். உங்கள் அம்மாவின் மாடியில் இருப்பது பதினொரு தொட்டி. அதைத் தோட்டம் என்பது உங்கள் பெருந்தன்மை.

முதல் வாரமே தக்காளி அத்தியாயத்தில் ஏழு 'பக்' இருப்பதாகச் செய்தி அனுப்பினீர்கள். பூச்சிதானே என்று ஏழு இடத்திலும் வேப்பெண்ணெய் தெளிக்கும் முறையை எழுதிச் சேர்த்தேன். எழுத்துப்பிழை என்று தமிழில் சொன்னால் என்ன குறைந்துவிடும்? அடுத்த மாதம், பயன்படாத 'பிரான்ச்' ஒன்று இருக்கிறது, நீக்கவா என்று கணினி கேட்டது. காய்ந்த கிளையைப் பார்த்தால் என் கை சும்மா இருக்குமா? நீக்கு என்றேன். அது சம்பந்தியம்மா இருபது நாள் உட்கார்ந்து எழுதிய ரோஜா அத்தியாயமாம். போன் வந்தது.

"என் ரோஜா எங்க சம்பந்தி?"

"காஞ்ச கிளைன்னு நெனச்சுட்டேன்."

"படிச்சாவது பாத்தீங்களா?"

"படிச்சிருந்தா முன்னாடியே வெட்டியிருப்பேன்."

வாய் தவறி வந்துவிட்டது, மாப்பிள்ளை. அத்தியாயத்தை நீங்கள் மீட்டுக் கொடுத்தீர்கள். அவர் மனசை மீட்க முடியவில்லை.

மூன்றாம் அத்தியாயத்தில் 'கற்றாழைக்கு மாதம் இருமுறை நீர் போதும்' என்று எழுதியிருந்தேன். எழுதியது எழுதியபடி இணையத்தில் ஏறுமாறு நீங்கள் செய்துவைத்ததால் தெருவே படிக்கிறது. போன செவ்வாய்க்கிழமை எதிர்வீட்டுப் பல் வைத்தியர் தொட்டியும் கையுமாக வந்தார். உள்ளே இருந்தது செடியா கூழா என்று தெரியவில்லை. "நீங்க போட்டிருந்தபடி தினம் ரெண்டு வேளை ஊத்தினேம்மா, பல் தேய்க்கிற மாதிரி தவறாம" என்றார். கணினியைத் திறந்தால் 'நாள்தோறும் இருமுறை' என்று இருக்கிறது! திருத்தினேன். மறுநாள் மறுபடி 'நாள்தோறும்'. இன்னொரு முறை திருத்தினால் 'கான்ஃபிளிக்ட்' என்று சிவப்பில் எழுதிக் காட்டுகிறது. வீட்டுச் சண்டை கணினிக்கும் தெரிந்துபோயிற்று.

சம்பந்தியம்மாவுக்குப் போன் போட்டேன். "தண்ணி ஊத்தியே கொல்லணும்னு கங்கணம் கட்டியிருக்கீங்களா?"

"உங்க கற்றாழைய நான் தொடவே இல்ல!"

"பின்ன அதுவா எழுந்து வந்து மாத்திக்கிச்சா?"

வைத்துவிட்டார். அன்றிலிருந்து பேச்சில்லை. என் மகளோ எங்கள் இருவர் போனையும் எடுப்பதில்லை. முப்பது வருடம் சம்பாதித்த பேர் அந்தத் தொட்டியில் அழுகிக் கிடக்கிறது. ஆகவே உங்கள் அம்மாவின் பெயரைப் புத்தகத்திலிருந்து எடுத்துவிடுங்கள். அவர் பொறாமைக்காரர், பிடிவாதக்காரர், செடியைப் பற்றி அரிச்சுவடியும் தெரியாதவர். இதில் உங்கள்மேல் எனக்குத் துளி வருத்தமில்லை. நீங்கள் தங்கமான பிள்ளை.

நீங்களும் என் மகளும் வேர் பிடித்து, தழைத்து, நிறையப் பூத்து நன்றாக இருக்க வேண்டும்.

இப்படிக்கு,
உங்கள் அத்தை

பி.கு.: உறையை ஒட்டப் போகும்போது சம்பந்தியம்மா மடிக்கணினியோடு நேரிலேயே வந்துவிட்டார். ஒவ்வொரு வரியையும் யார், எத்தனை தடவை மாற்றினார்கள் என்று காட்ட அதில் ஒரு வழி இருக்கிறதாம். கற்றாழை வரியில் 'நாள்தோறும்' என்று மாற்றிய இடத்தில் என் பெயரும் இல்லை, அவர் பெயரும் இல்லை. உங்கள் பெயர், மாப்பிள்ளை. இரண்டு தடவை. 'எல்லாச் செடிக்கும் ஒரே மாதிரி இருக்கட்டும்' என்று காரணம் வேறு எழுதியிருக்கிறீர்கள். நாங்கள் இருவரும் கலந்து பேசி உங்களைப் புத்தகத்திலிருந்து நீக்கிவிட்டோம். மேலே உங்கள் அம்மாவைத் திட்டிய இடங்களில் எல்லாம் 'நீங்கள்' என்று மாற்றிப் படித்துக்கொள்ளவும். புதிதாக எழுதக் கை வலிக்கிறது.