படிவத்தில் ஒரு பெட்டி, அதில் ஒரே ஒரு வார்த்தை

அன்புள்ள நாத்தனாருக்கு,

அண்ணி எழுதிக்கொள்வது. நலம், உன் நலம் அறிய ஆவல் என்று எழுதுவதுதான் முறை. நலமும் இல்லை, பத்தொன்பது வருஷமாக ஆவலும் இல்லை. ஆனாலும் முறை முறைதான், எழுதிவிட்டேன். நான் படித்தது மூன்றாவது வரைக்கும்தான். எழுத்து கோணினால் படிப்பைக் குறை சொல்லாதே, கையைச் சொல். நாலு நாளாகக் கை சொன்ன பேச்சைக் கேட்பதில்லை. நேற்று ஒரு சட்டைக்குப் பித்தான் தைக்க ஊசியில் நூல் கோர்த்தேன், கோர்த்தேன், மதியமாகிவிட்டது. சட்டைக்காரர் பொறுத்துப் பார்த்துவிட்டுப் பித்தான் இல்லாமலே போட்டுக்கொண்டு போனார்.

நடந்ததைச் சொல்கிறேன். மாடிப்படிக்குக் கீழே என் தையல் மெஷின் இருக்கிற இடம் உனக்குத் தெரியும். அங்கே உட்கார்ந்தால் மனுஷர் முகம் தெரியாது, கால்தான் தெரியும். யார் ஏறுகிறார், யார் இறங்குகிறார் என்பதைச் செருப்புச் சத்தத்திலேயே சொல்லிவிடுவேன். போன திங்கட்கிழமை இதுவரை கேட்காத சத்தம் ஒன்று இறங்கியது. பளபளவென்று கறுப்பு பூட்ஸ். கடைசிப் படியில் நின்றது. குனிந்து பார்த்த முகத்துக்குப் பக்கத்தில் அளக்கிற டேப்பு. கட்டடம் கை மாறிவிட்டதாம், புது முதலாளி அனுப்பிய ஆளாம். மெஷினை அளந்தார், முக்காலியை அளந்தார், அப்புறம் என்னையும் ஒரு பார்வை அளந்தார். "வெள்ளிக்கிழமை பன்னிரண்டு மணிக்குள்ள இதை நிரப்பிக் கொடுத்துடுங்கம்மா, இல்லேன்னா படிக்குக் கீழ இருக்கிறதெல்லாம் காலி பண்ணிடுவோம்" என்று ஒரு படிவத்தைக் கொடுத்துவிட்டு ஏறிப் போய்விட்டார். அன்றிலிருந்து எந்தச் செருப்புச் சத்தம் கேட்டாலும் மெஷினைப் பிடித்துக்கொள்கிறேன். மெஷின் போனால் நான் யார் வீட்டு மூலையில் போய் உட்காருவேன், சொல்.

படிவத்தில் மற்றதையெல்லாம் பேத்தி நிரப்பிவிட்டாள். ஒரு பெட்டிதான் பாக்கி. இந்த இடத்தில் உங்கள் இருப்பு எப்படிப்பட்டது, ஆங்கிலத்தில் ஒரே வார்த்தையில் எழுதவும் என்று இருக்கிறது. ரொம்ப நாளாக, அசையாமல் இருக்கிறேன் என்று அர்த்தம் வர வேண்டும். அதற்கு அந்த பாஷையில் ஒன்றா இரண்டா, கூடை கூடையாக வைத்திருக்கிறார்கள். பேத்தி செல்போனைத் தடவத் தடவ வந்துகொண்டே இருக்கிறது. முதலில் எஸ்டாப்ளிஷ்டு, நிலைபெற்றது என்றாள்.

"பெரிய பெரிய கடைப் பலகையில எல்லாம் இதான் பாட்டி போட்டிருக்கும். கௌரவமான வார்த்தை."

"கௌரவமா இருந்தா வாடகைச் சீட்டு எங்கேன்னு கேப்பான்டி."

"சீட்டு இருக்கா?"

"உங்க தாத்தா இருந்தாரு. வேற ஒண்ணும் இல்ல."

அடுத்தது டீப்ரூட்டட். ஆழமாக வேர் விட்டது என்று அர்த்தமாம். வேர் என்று எழுதிக் கொடுத்தால் கோடாலியோடு ஆள் அனுப்பமாட்டானா, வேண்டாம் என்றேன். அப்புறம் என்ட்ரெஞ்ச்டு. பட்டாளத்துக்காரன் பள்ளம் தோண்டி உள்ளே உட்கார்ந்துகொண்டு நகரமாட்டேன் என்பானே, அது. "நான் என்ன சண்டைக்கா உட்கார்ந்திருக்கேன்?" என்று கேட்டேன். அவள் ஒரு பார்வை பார்த்தாள். அந்தப் பார்வையை நான் மறக்கமாட்டேன். எதிரே ஜெராக்ஸ் கடைக்காரர் கேட்டுக்கொண்டே இருந்துவிட்டு, இன்வெட்டரேட் போடுங்கம்மா, எடுப்பாக இருக்கும் என்றார். பேத்தி என் காதில், "அது விடாத குடிகாரனுக்கும் பொய்யனுக்கும் சொல்றது பாட்டி" என்றாள். அவர் தெரிந்தே சொன்னாரா தெரியாமல் சொன்னாரா என்று இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறேன். இன்கிரெய்ன்டு என்று ஒன்று. நூலுக்குள்ளே ஊறிப்போன கறை மாதிரியாம். கறையை என்ன செய்வார்கள் என்று தையற்காரிக்குச் சொல்லவா வேண்டும், தேய்ப்பார்கள். க்ரானிக் என்றாள். அது எனக்கே தெரியும், என் முழங்காலுக்கு டாக்டர் வைத்த பேர். பார்த்தாயா, ஒருத்தி ஒரே இடத்தில் நாற்பத்தொரு வருஷம் உட்கார்ந்தால் அவர்களுக்கு அது நோயாக இருக்க வேண்டும், இல்லை அழுக்காக இருக்க வேண்டும்.

புதன்கிழமைதான் ஃபிக்ஸ்டு என்று ஒன்று அகப்பட்டது. அசையாதபடி பதித்தது என்று அர்த்தம். கேட்டதும் மார்பில் கொஞ்சம் மூச்சு வந்தது. ஏனென்றால் அது நிஜம். இருபத்தாறு வருஷத்துக்கு முன்னால் தரைக்குச் சிமெண்டு போட வந்த கொத்தனார், "அம்மா, மெஷினை எடுங்க" என்றார். கல்யாணத்துணி ஒன்பது பாக்கி, எடுக்கமாட்டேன் என்றுவிட்டேன். அவர் கோபத்தில் மெஷின் காலைச் சுற்றியே சிமெண்டை ஊற்றிவிட்டுப் போனார். நாலு இரும்புக் காலும் நாலு விரற்கடை உள்ளே இருக்கிறது, யானை இழுத்தாலும் வராது. பேனாவை அழுத்தி, ஃபிக்ஸ்டு என்று பேத்தி எழுதினாள்.

கீழே சாட்சிக் கையெழுத்து கேட்டிருக்கிறான். முப்பது வருஷத்துக்கு முன்னாலேயே என்னை இந்த இடத்தில் பார்த்தவர் வேண்டும். காவற்காரர் போய்ச் சேர்ந்துவிட்டார். இஸ்திரிக்காரர் போய்ச் சேர்ந்துவிட்டார். மேல்மாடி வக்கீலம்மாவுக்குத் தன் பேரே நினைவில்லை. எண்ணிப் பார்த்தால் நீ ஒருத்திதான் மிச்சம். பத்தொன்பது வருஷத்துக்கு முன்னால் நீ என் கடைக்கு நீலத் திரைச்சீலை கொண்டுவந்ததும், மூன்று வாடிக்கைக்காரர் முன்னால் மடிப்பு கோணல் என்று சொன்னதும், அன்றைக்கு மழை பெய்ததும், உன் குடையில் ஒரு கம்பி ஒடிந்திருந்ததும் நான் மறக்கவில்லை. நீ போன பிறகு அளந்து பார்த்தேன். கோணல் அரை விரற்கடை. திரைச்சீலையில் அரை விரற்கடையை யார் பார்ப்பார்கள்? அதை நான் மன்னிக்கவில்லை, தள்ளிவைத்திருக்கிறேன். எனக்கு இப்போது இருக்கிற பயத்தில் கோபப்படத் தெம்பு இல்லை. பேத்தியிடம் படிவத்தைக் கொடுத்தனுப்புகிறேன். இவள் நாற்பத்தொரு வருஷம் இங்கேயே அசையாமல் இருந்தாள், மெஷினும் அசையவில்லை என்று இரண்டு வரி எழுதிக் கையெழுத்துப் போடு. வேறு எதுவும் எழுதாதே, உனக்கு எழுதத் தோன்றும்.

உன் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் நோய்நொடி இல்லாமல் இருக்கட்டும். உனக்கும் ஆசிதான். எழுதிவிட்டேன், எடுத்துக்கொள்.

இப்படிக்கு,
உன் அண்ணி

பின்குறிப்பு: மேலே எழுதியதில் ஒரு வரியைக்கூட நம்பாதே. செருப்பை மாட்டின பேத்தி வாசலில் நின்று படிவத்தின் பின்பக்கத்தைப் படித்துவிட்டு அப்படியே உட்கார்ந்துவிட்டாள். பொடி எழுத்தில் போட்டிருக்கிறான்: தரையோடு பதிந்ததெல்லாம் கட்டடத்துக்காரருக்குச் சொந்தமாம். எடுத்துப்போகக்கூடிய சாமானோடு தொழில் செய்கிறவர்களுக்கு மட்டும்தான் வாசல் பக்கத்தில் வேறு இடமாம். என் மெஷினை என் கையாலேயே அவனுக்கு எழுதிக் கொடுக்க இருந்தேன். பேத்தி ஓடிப்போய் வேறு படிவம் வாங்கிவந்து, பெட்டியில் டெம்பரரி, அதாவது தற்காலிகம், என்று போட்டிருக்கிறாள். நான் உளியும் சுத்தியலுமாகச் சிமெண்டைக் கொத்திக்கொண்டிருக்கிறேன், மெஷினுக்கு ஒரு கால் ஆடுகிறது. நீ சாட்சியை மாற்றி எழுது. இவள் ஒரு நாளும் ஓரிடத்தில் நிலையாக இருந்தவள் இல்லை, மெஷினைத் தினமும் தூக்கிக்கொண்டு அலைவாள் என்று எழுது. பொய் எழுதமாட்டேன் என்று ஆரம்பிக்காதே. ஒரு இடத்தில் நிலையாக உட்காரத் தெரியாதவள் என்று என்னைப் பற்றி நீ எத்தனை வீட்டில் சொல்லியிருக்கிறாய், எனக்கு வீடு வீடாகத் தெரியும். அதையேதான் கேட்கிறேன். இந்த ஒரு தடவை கையெழுத்தோடு சொல்.