கிளட்சை எப்போது விடுவது

பச்சை விளக்கு எரிந்தது. பக்கத்துத் தடத்தில் நின்ற கார் போயே போய்விட்டது. கார்டன் ஸ்கலாவின் கார் மட்டும் விக்கல் எடுத்ததுபோல் ஒருமுறை குலுங்கி, அப்படியே அணைந்தது.

ஒலிபெருக்கி தொண்டையைச் செருமிக்கொண்டது. "சிவப்புக் கார்க்காரரே, பச்சைன்னா போகலாம்னு அர்த்தம்."

வேடிக்கை பார்க்க வந்திருந்த முப்பது பேரும் சிரித்தார்கள்.

கார்டனுக்கு ஐம்பத்திரண்டு வயது. குடிநீர்ச் சோதனைக் கூடத்தில் ஒற்றை ஆளாக வேலை. மனைவி விவாகரத்து வாங்கிக்கொண்டு அரிஸோனாவுக்குப் போன பிறகு, நெப்ராஸ்காவின் இந்த மூலைக்கு மாற்றல் கேட்டு வந்து ஏழு மாதம் ஆகிறது. வெள்ளிக்கிழமை கூடத்தைப் பூட்டினால் திங்கட்கிழமைவரை வாயைத் திறக்க வேண்டிய அவசியம் வராது. சூப்பர் மார்க்கெட்டில்கூட இயந்திரம்தான் பில் போட்டு "வந்ததற்கு நன்றி" என்று சொல்லும். போன மாதம் ஒருநாள் அவர் அதற்கு, "பரவாயில்ல, நான் சும்மாதான் இருந்தேன்" என்று பதில் சொல்லிவிட்டார். பின்னால் நின்ற பெண் குழந்தையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

அந்த வாரமே தன் காரை விற்றுவிட்டு, இந்தப் பழைய ஸ்போர்ட்ஸ் காரை வாங்கினார். இரண்டே இருக்கை. கையால் கியர் மாற்றும் வண்டி. சோளக்கொல்லைகளுக்கு நடுவே கால் மைல் ஓடுதளம் ஒன்று இருக்கிறது, ஞாயிறு மதியம் யார் வேண்டுமானாலும் சொந்தக் காரை விரட்டிப் பார்க்கலாம் என்று கேள்விப்பட்டு வந்திருந்தார். நாளைக்கு வேலைக்குப் போகவும் இதே கார்தான். கிளட்ச் கருகினால் முப்பது மைல் நடை.

வண்டியைத் திரும்பக் கொண்டுவந்து நிறுத்தியபோது, பக்கத்தில் மடக்கு நாற்காலி போட்டிருந்த ஒரு மனிதர் எழுந்து வந்தார். கார்டனின் வயதுதான் இருக்கும். தொப்பியில் பாதி சாயம் போயிருந்தது.

"ஆஃப் ஆயிடுச்சா?"

"ஆயிடுச்சு."

"நான் ரோலி. ரெண்டாவது கியர்ல எடுத்துப் பாருப்பா. மெதுவா எடு. முதல் கியர் இந்த மாதிரி வண்டிக்கு ஒத்துவராது."

கார்டன் இரண்டாவது கியரில் எடுத்தார். வண்டி மாட்டுவண்டிபோல் ஊர்ந்தது. பக்கத்துத் தடத்தில் மூன்று குழந்தைகளை ஏற்றிச் செல்லும் குடும்ப வேன் ஒன்று அவரைத் தாண்டிப் போனது. அதை ஓட்டிய அம்மாள் கையை ஆட்டிவிட்டு வேறு போனாள்.

"வேன்கிட்ட தோத்துட்டேன்" என்றார் கார்டன்.

"அப்ப டயர்தான் காரணம். காத்து கம்மியா இருக்கு. ஏத்து, கல்லு மாதிரி ஏத்து. ஆனா இப்பவே போகாத. கிளட்ச் ஆறட்டும். இருபது நிமிஷம் உக்காரு."

ரோலியிடம் இன்னொரு நாற்காலியும் இருந்தது. குளிர்பெட்டியில் பன்றிக்கறி வைத்த ரொட்டியும் இரண்டு பேருக்குக் காணுமளவு இருந்தது.

"என்ன வேலை பாக்கற?"

"தண்ணியில நைட்ரேட் எவ்வளவு இருக்குன்னு பாக்கறது."

"எவ்வளவு இருக்கும்?"

யாரும் கார்டனை அப்படிக் கேட்டதில்லை. மனைவி பதினெட்டு வருடத்தில் ஒருமுறைகூடக் கேட்டதில்லை. கார்டன் சொல்ல ஆரம்பித்தார். இருபது நிமிஷம் நாற்பதாயிற்று.

காற்று ஏற்றிய டயர், பச்சை விழுந்ததும் நின்ற இடத்திலேயே சுற்றியது. புகை எழுந்தது. புகை கலைந்தபோது கார் அங்கேயேதான் இருந்தது.

"உள்ள யாராவது சமைக்கிறீங்களா?" என்றது ஒலிபெருக்கி.

ரோலி சக்கரத்தின் அருகே மண்டியிட்டு மூக்கை நீட்டி மோந்து பார்த்தார். "டயர் வாசனைதான். கிளட்சுக்கு ஒண்ணும் ஆகல. தப்பு எங்கன்னா, உன் ஷூவுல. கிளட்ச் எங்க பிடிக்குதுன்னு காலுக்குத் தெரியணும். கழட்டிட்டுச் சாக்ஸோட ஓட்டு. அதுக்கு முன்னாடி உக்காரு, ஆறட்டும்."

இந்த முறை அரிஸோனாவைப் பற்றிப் பேசினார்கள். ரோலி தலையைத் தலையை ஆட்டினார்.

சாக்ஸ் வழுக்கிக் கிளட்சிலிருந்து கால் நழுவியது. வண்டி ஒரு முழம் துள்ளி அணைந்தது. கூட்டத்தில் யாரோ கைதட்டினார்கள்.

"விளக்கைப் பாக்காத, பக்கத்து வண்டியைப் பாரு. அவன் அசைஞ்சா நீ விடு" என்றார் ரோலி.

பக்கத்து வண்டிக்காரன் தலையைச் சொறிந்தான். அதைப் பார்த்து, பச்சை விழுமுன்பே கார்டன் கிளம்பிவிட்டார். சிவப்பு விளக்கு எரிந்து, ஓட்டமே செல்லாது என்று ஆனது.

வெயில் சாய ஆரம்பித்திருந்தது. வரிசையில் கடைசி வாய்ப்பு. இந்தத் தடவை கார்டன் ரோலியைக் கேட்கவில்லை. டயர் காற்றைக் கொஞ்சம் இறக்கினார். ஷூவை மாட்டினார். முதல் கியர். இன்ஜின் வேகம் காட்டும் முள்ளை மூவாயிரத்தில் நிறுத்திக்கொண்டார். கிளட்சைப் பாதிவரை விட, வண்டி கயிற்றை இழுக்கும் நாய்போல் லேசாக முன்னால் திமிறியது. அந்த இடத்தில் காலை ஒரு கணம் வைத்திருந்து, ஆக்ஸிலரேட்டரை அழுத்திக்கொண்டே மிச்சத்தையும் விட்டார். முதுகு இருக்கையில் பதிந்தது. கொல்லை பச்சைக் கோடாக ஓடியது.

ஒலிபெருக்கி ஒன்றும் சொல்லவில்லை. அதுவே பெரிய பாராட்டு.

நேரச் சீட்டை வாங்கிக்கொண்டு ரோலியிடம் ஏறக்குறைய ஓடினார். "பதினாலு புள்ளி ரெண்டு செகண்ட். மோந்து பாருங்க, கிளட்ச்ல வாசனையே இல்ல."

ரோலி மோந்து பார்க்கவில்லை. சீட்டை நெடுநேரம் பார்த்தார். "கத்துக்கிட்டியே" என்று திருப்பிக் கொடுத்தார். பிறகு நாற்காலிகளை ஒவ்வொன்றாக மடக்கத் தொடங்கினார். "நல்லா ஓட்டு. பாத்துப் போ."

அவ்வளவுதான். முதுகில் ஒரு தட்டுத் தட்டுவார், இன்னொரு ரொட்டியாவது எடுப்பார் என்று கார்டன் எதிர்பார்த்திருந்தார். காரில் ஏறியபோது பக்கத்து இருக்கை வழக்கத்தைவிடப் பெரிதாகத் தெரிந்தது.

வாசலில் எண் அட்டைகளைத் திரும்ப வாங்கும் டார்லீன் கையை நீட்டினாள். கார்டனுக்கு யாரிடமாவது இன்னும் இரண்டு வார்த்தை பேச வேண்டும்போல் இருந்தது.

"உங்க ரோலி நல்ல மனுஷன். ஆனா பாவம், கார் பத்தி ஒண்ணும் தெரியாது. சொன்னதுல ஒண்ணுகூட உருப்படல."

டார்லீன் அட்டையை வாங்கிப் பெட்டியில் போட்டாள்.

"ரோலிக்கா தெரியாது? பதினோரு வருஷம் இங்க கியர் வண்டியில அவரை ஜெயிச்ச ஆளே கிடையாது, சார். பொண்டாட்டி செத்ததுலேர்ந்து தனியா வர்றவங்களாப் பாத்துத் தப்பாச் சொல்லிக்குடுக்கறாரு, சரியாச் சொன்னா அஞ்சே நிமிஷத்துல கத்துக்கிட்டுப் போயிடறாங்களாம்."