சுவர்க் கடிகாரத்தைப் பார்த்து நான் செய்த சென்சார்

நான் ஒரு முற்போக்கான அப்பா என்று பத்து வருடம் நம்பிக்கொண்டிருந்தேன். (இப்போதும் நம்புகிறேன். வீட்டில் மற்ற இரண்டு பேர் நம்புவதில்லை.) அந்த நம்பிக்கை ஒரு வெள்ளிக்கிழமை காலை, மகளின் பள்ளி ஹாலில், அத்தனை பெற்றோர் முன்னாலும் கழன்று விழுந்தது.

மகள் பெயர் கயல். அப்போது ஐந்தாம் வகுப்பு. அந்தக் காலத்துப் பெண்கள் ஓட்டுரிமை கேட்டுப் போராடியதைப் பற்றி ஒரு படம். அதைப் பார்த்துவிட்டு வந்து மேடையில் மூன்று நிமிடம் பேச வேண்டும் என்று பள்ளியில் சொல்லியிருந்தார்கள். கூடவே ஒரு சீட்டு. 'பெற்றோர் முதலில் பார்த்து, குழந்தைக்கு ஏற்றதா என்று முடிவு செய்யவும்.' கீழே இரண்டு கட்டங்கள். ஒன்று 'ஏற்றது', இன்னொன்று 'ஏற்றதல்ல'.

கயல் போன வருடம் மேடை ஏறி, மைக்கையே பார்த்துக்கொண்டு நின்றுவிட்டு, ஒரு வார்த்தை பேசாமல் இறங்கி வந்தவள். ஒரு வாரம் யாரோடும் சரியாகப் பேசவில்லை. இந்த முறை அவளாகவே பெயர் கொடுத்திருந்தாள். படத்தில் எதையாவது பார்த்து மிரண்டு, மறுபடியும் வாயடைத்து நின்றுவிடுவாளோ என்று எனக்குப் பயம்.

என் மனைவி சுமதிக்கு அம்பத்தூர் எஸ்டேட்டில் வேலை. அந்த வேலையைக் காட்டிக் கடன் வாங்கித்தான் முகப்பேரில் இந்த ஃபிளாட்டையே வாங்கினோம், அவள் பேரில். "சனிக்கிழமை எனக்கு ஷிப்ட் இருக்கு. ஞாயித்துக்கிழமை ரெண்டு பேரும் சேர்ந்து பாத்து முடிவு பண்ணலாங்க," என்றாள். எனக்குச் சுருக்கென்றது. ஒரு படத்தைப் பார்த்து முடிவு பண்ணக்கூட எனக்குத் துணை வேண்டுமா?

சனிக்கிழமை மதியம் கயலைப் படுக்கையறைக்கு அனுப்பிவிட்டு, நோட்டும் பேனாவுமாக டிவி முன்னால் உட்கார்ந்தேன். சுவர்க் கடிகாரத்தில் சரியாக இரண்டு மணி. குழந்தை பார்க்கக் கூடாத காட்சி வந்தால் கடிகாரத்தைப் பார்த்து நேரத்தைக் குறித்துக்கொள்வது, பிறகு அவளுக்குப் போட்டுக் காட்டும்போது அந்த இடத்தை மட்டும் தள்ளிவிடுவது. இரண்டு நாற்பது என்று எழுதினால் நாற்பதாவது நிமிடம். இவ்வளவு எளிய வழி சென்சார் போர்டுக்கே தோன்றியிருக்காது என்று என்னை நானே மெச்சிக்கொண்டேன்.

படம் ஆரம்பித்துப் பத்து நிமிடம் இருக்கும், காலிங் பெல். எங்கள் குடியிருப்போர் சங்கச் செயலாளர். "தலைவர் எலெக்ஷன் சார். மாடிக்கெல்லாம் வர வேணாம், இங்கயே டிக் பண்ணிக் குடுத்துடுங்க." எங்கள் பிளாக்கில் ஒரு வீட்டுக்கு ஒரு ஓட்டு. எங்கள் வீட்டு ஓட்டை எப்போதும் நான்தான் போடுவேன். படத்தை நிறுத்தி, சீட்டை வாங்கி டிக் போட்டு, தண்ணீர் மோட்டாரைப் பற்றி அவர் சொன்னதையெல்லாம் கேட்டு அனுப்பப் பன்னிரண்டு நிமிடம். கயல் அறைக் கதவைத் திறந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனாள். நான் திரும்பி வந்து, ஓட்டுக்காகத் தெருவில் நின்ற பெண்களைப் பார்த்து உருக ஆரம்பித்தேன்.

இரண்டு நாற்பதுக்கு ஒரு கணவன் மனைவியைக் கன்னத்தில் அறைகிறான். குறித்துக்கொண்டேன். மூன்று மணிக்கு மேல் கரண்ட் போய்ப் பதின்மூன்று நிமிடம் கழித்து வந்தது. மூன்று நாற்பதுக்குச் சிறைக் காட்சி. சாப்பிட மறுக்கும் பெண்களின் வாயைப் பிளந்து கஞ்சி ஊற்றுகிறார்கள். பத்து நிமிடம். அதையும் குறித்தேன், ஆனால் கண்ணீரில் எழுத்து கலங்கிவிட்டது.

படம் முடிந்து முகம் கழுவாமல் காற்று வாங்கக் கீழே போனேன். தரைத்தளத்து ஏழுமலை அண்ணன், ஏசி மெக்கானிக், வண்டியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"இன்னா சார், கண்ணு செவந்துகினு கீது? ஊட்ல எதுனா பிரச்னையா?"

"படம் பாத்தேன்ணே."

"படத்துக்கா இவ்ளோ?" என்று என்னை மேலும் கீழும் பார்த்தார்.

'ஏற்றது' என்ற கட்டத்தில் டிக் அடித்துக் கையெழுத்துப் போட்டேன். ஞாயிறு வரை பொறுக்கவில்லை. சுமதி வேலை முடிந்து வருவதற்குள் அன்று மாலையே கயலைப் பக்கத்தில் உட்கார வைத்து, ரிமோட்டைப் பிடித்துக்கொண்டு படத்தைப் போட்டேன். ஒன்றே முக்கால் மணி நேரத்துக்குச் சற்று மேல் ஓடும் படம். இரண்டு மணிக்கு ஆரம்பித்த அது நாலே காலுக்கு எப்படி முடிந்தது என்று அப்போதாவது யோசித்திருக்க வேண்டும். யோசிக்கவில்லை.

நாற்பதாவது நிமிடத்துக்கு விரலைத் தயாராக வைத்திருந்தேன். இருபத்தெட்டாவது நிமிடத்திலேயே பளாரென்று விழுந்தது அறை.

"அவரு ஏம்ப்பா அடிச்சாரு?"

"கொசுமா," என்றேன். (பத்து வருட முற்போக்கு.)

நாற்பதாவது நிமிடம் வந்ததும், நோட்டில் எழுதியபடி தள்ளினேன். பெண்கள் எல்லோரும் சேர்ந்து உட்கார்ந்து சிரித்துப் பேசிக்கொண்டிருந்த இடம் போனது. ஒன்றே கால் மணி நேரத்தில், என் நோட்டைக் கொஞ்சமும் மதிக்காமல், சிறைக் காட்சி வந்தது. நான் ரிமோட்டை மறந்துவிட்டு மறுபடியும் அழுதேன். கயல் என் முழங்கையைத் தட்டிக்கொண்டே பார்த்தாள். கடைசியில் நூறாவது நிமிடம் வந்தபோது, இதையாவது சரியாகச் செய்வோம் என்று பத்து நிமிடத்தை ஒரேயடியாகத் தள்ளினேன். திரையில் பெயர்கள் ஓடின.

"அவ்ளோதானா? ஓட்டு கிடைச்சுதாப்பா?"

"அதெல்லாம் உனக்கே புரிஞ்சிருக்கும்," என்றேன். ஜெயித்த காட்சியைத்தான் தள்ளியிருக்கிறேன் என்று சொல்ல வெட்கம்.

பேச்சை அவளே எழுதினாள். யாருக்கும் காட்டவில்லை. வெள்ளிக்கிழமை சுமதி கம்பெனியில் பர்மிஷன் போட்டு வந்திருந்தாள். கயல் மேடை ஏறி, மைக்கைப் பார்த்து நின்றாள். பிறகு பேசினாள்.

"இந்தப் படத்துல ஒருத்தர் அவங்க வீட்டம்மாவ அடிச்சாரு. கொசு அடிச்சாருன்னு எங்கப்பா சொன்னாரு. எனக்குக் கொசு எதுவும் தெரியல."

ஹால் சிரித்தது. அவள் சிரிப்பு அடங்கும்வரை காத்திருந்தாள். போன வருடம் ஒரு வார்த்தை வராத பெண்.

"ஜெயில்ல அவங்க சாப்பிட மாட்டேன்னு சொன்னாங்க. எங்கப்பா அழுதாரு. நான் அழல, எனக்குக் கோவம் வந்துச்சு. கடைசில என்னாச்சுன்னு தெரியாது. அப்பா ரிமோட்ல தள்ளிட்டாரு."

அவளுடைய மிஸ்ஸுக்குப் பாவமாகிவிட்டது. "பரவால்லமா. அவங்களுக்கு ஓட்டு கிடைச்சிருக்குமா? நீ என்ன நினைக்கிற?"

கயல் யோசித்தாள். "பாதி கிடைச்சிருக்கும் மிஸ். பெரிய எலெக்ஷன்ல எங்கம்மா போடுறாங்க. ஆனா எங்க ஃபிளாட் எலெக்ஷன்ல இன்னும் கிடைக்கல. ஃபிளாட் அம்மா பேர்லதான் இருக்கு, ஓட்டு அப்பா போடுறாரு. இந்தப் படத்த நிறுத்தி வச்சிட்டுதான் போய் போட்டாரு."

இந்த முறை யாரும் சிரிக்கவில்லை. முன்வரிசையில் ஒரு அம்மா முதலில் கைதட்டினார். பிறகு ஹால் முழுக்கத் தட்டியது. சுமதியும் தட்டினாள், என் பக்கம் திரும்பாமல். எனக்கு அவமானம், அவளைப் பெற்ற பெருமை, இரண்டும் ஒரே நேரத்தில் வந்தன. நானும் தட்டினேன்.

பஸ் ஸ்டாப்பில்தான் சுமதி வாயைத் திறந்தாள்.

"எலெக்ஷன் எப்ப நடந்துச்சு?"

"சனிக்கிழமை."

"யாருக்குப் போட்டீங்க?"

"நமக்கு மேல் வீட்டுக்காரருக்கு. நல்ல மனுஷன்."

"எட்டு மாசமா அவர் பாத்ரூம்ல இருந்து நம்ம பாத்ரூமுக்குத்தான் ஒழுகுது. நானும் எட்டு மாசமா சொல்லிட்டுதான் இருக்கேன்."

நான் பஸ் வருகிறதா என்று பார்த்தேன். வரவில்லை.

அந்த ஞாயிறு மூவருமாக உட்கார்ந்து முழுப் படத்தையும் பார்த்தோம். ரிமோட் சுமதி கையில். சிறைக் காட்சி வந்ததும் கயல் என் கண்களை உள்ளங்கையால் மூடினாள். "நீ பாக்காதப்பா, அழுவ." மூடிய கைக்குள்ளேயே அழுதேன்.

அடுத்த வருடம் எங்கள் வீட்டு ஓட்டைச் சுமதி போட்டாள், அவளுக்கே. ஜெயித்தாள். முதல் வாரமே பாத்ரூம் ஒழுகல் நின்றது. என் கடிகாரக் கணக்கு எப்படியோ காதுக்கு எட்டிவிட்டதால், ஏழுமலை அண்ணன் என்னைப் பார்க்கும்போதெல்லாம், "இன்னா சார், மணி இன்னா? செவுத்த பாத்து சொல்லாத," என்கிறார்.

கயல் இப்போது ஒன்பதாம் வகுப்பு. புதுப் படம் எது வந்தாலும் ஒரு சீட்டு எழுதி ஃபிரிட்ஜில் ஒட்டிவிடுகிறாள். 'அப்பாவுக்கு ஏற்றது. அப்பாவுக்கு ஏற்றதல்ல.' அவள் டிக் போடுவாள், சுமதி கையெழுத்துப் போடுவாள். போன வாரப் படம் எனக்கு ஏற்றதல்ல என்று முடிவாகி, அம்மாவும் பெண்ணும் தியேட்டருக்குப் போய் வந்தார்கள். நான் வீட்டில் காய்ந்த துணியையெல்லாம் மடித்து வைத்தேன்.