ஆளில்லாமல் அடித்த மணி

அச்சாபீஸ்காரர் தம் மனைவியைக் கடைசியாக உயிரோடு பார்த்தது ஆஸ்பத்திரிக் கட்டிலில். அப்போதும் அவள் அவரைத் திட்டிக்கொண்டுதான் இருந்தாள். போர்வை நாறுகிறது என்றாள். சட்டைப் பித்தானை மாற்றிப் போட்டிருக்கிறீர்கள் என்றாள். "சும்மா படும்மா, இதோ வந்துடறேன்" என்று சொல்லிவிட்டு அவர் மருந்து வாங்கப் போனார். திரும்பி வருவதற்குள் அவள் போய்விட்டாள். கல்யாணம் ஆன நாளிலிருந்து அந்த வீட்டில் கடைசி வார்த்தை அவருடையதாக அமைந்தது அந்த ஒரே தடவைதான். அந்த வெற்றியை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று அவருக்கு இன்னும் பிடிபடவில்லை.

மற்ற எல்லாச் சண்டையிலும் தோற்றவர் அவர். தோல்விகளுக்குள் கிரீடம் வைக்கலாம் என்றால் வாசல்மணி விவகாரத்துக்கு வைக்கலாம்.

அச்சாபீஸ் வேலையிலிருந்து ஓய்வு பெற்று வீட்டில் உட்கார்ந்த புதிதில், சமையலறையை ஒட்டிய சின்ன அறையில் ஒரு மேஜையைப் போட்டுக்கொண்டு, வீட்டிலேயே சர்க்யூட் போர்டு செய்யக் கற்றுக்கொண்டிருந்தார். குரு, கைப்பேசியில் ஓடும் வீடியோக்கள். குருவுக்கு இவர் இருப்பதே தெரியாது. அதனால் உறவு சுமுகமாக இருந்தது.

ஒரே வாரத்தில் இரண்டு கெட்ட செய்திகள் வந்தன. ஒன்று, வாசல்மணி செத்துப்போயிற்று. இன்னொன்று, அவர் ரத்தத்தில் சர்க்கரை ஏறியிருந்தது.

"தினம் மாடிப்படி ஏறி இறங்குங்க. மூணு மாசம் பார்ப்போம். சர்க்கரை இறங்கலேன்னா ஊசிதான்" என்றார் டாக்டர்.

வீடு மாடியில், வாசல் கீழே. ஏறி இறங்கத் தோதான வீடுதான். ஏறி இறங்கத் தோதான ஆள்தான் இல்லை.

"டாக்டர் சொன்னாரே, கொஞ்சம் இறங்கிட்டு வாங்களேன்."

"எதுக்கு?"

"ஏறுறதுக்கு."

"ஏறினா?"

"மறுபடி இறங்கலாம்."

"காரணமில்லாம ஏறி இறங்க நான் மனுஷனா, லிஃப்ட்டா?"

அவள் அதற்குமேல் பேசவில்லை. வழக்கமாக அவள் பேசாமல் விட்டால் அவர் பயப்படுவார். அன்று பயப்பட நேரமில்லை. வாசல்மணியைக் கடையில் வாங்கப் போவதில்லை, தம் கையாலேயே செய்யப் போகிறேன் என்று சபதம் எடுத்துக்கொண்டிருந்தார்.

"சரி, செய்யுங்க. ஆனா மணி ஒழுங்கா அடிக்கணும். கோளாறு பண்ணிச்சு, மேஜையோட சேர்த்து எல்லாத்தையும் பழைய சாமான்காரன்கிட்ட போட்டுடுவேன்."

அந்த மேஜை போனால் அவருக்கு வீட்டில் இருப்பது ஈஸிசேர் ஒன்றுதான். அதுவும் அவள் வீட்டுச் சீர். ஆகவே வரிந்து கட்டிக்கொண்டு இறங்கினார்.

முதல் தேவை இஸ்திரிப்பெட்டி.

"என்னங்க, காகிதத்துக்கு எதுக்கு இஸ்திரி?"

"இது காகிதமில்லை. சர்க்யூட்."

"மடிப்புக் கலையாம போட்டுக்கிட்டு எந்தக் கல்யாணத்துக்குப் போகுது?"

பொறுமையாக விளக்கினார். கோடுகளை வழவழப்பான தாளில் அச்செடுக்க வேண்டும். செம்பு பூசிய அட்டைமேல் அதைக் கவிழ்த்துச் சூடாகத் தேய்த்தால் மை செம்பில் ஏறிக்கொள்ளும். அப்புறம் திராவகத்தில் ஊறப்போட்டால் வெற்றுச் செம்பெல்லாம் கரைந்துவிடும். மை மூடிய கோடுகள் மட்டும் மிஞ்சும். அந்தக் கோடுகளில்தான் மின்சாரம் ஓடும்.

"மை பட்ட இடம் பிழைக்குது, படாத இடம் கரையுது. அவ்வளவுதானே?"

"அவ்வளவுதானேன்னு அலட்சியமாச் சொல்லாதே. இது நுட்பம்."

நுட்பம் முதல் போர்டிலேயே காலை வாரியது. தாளைக் கவிழ்க்கும்போது படம் தானே திரும்பிக்கொள்ளும். வீடியோக்காரர்கள் அதற்குத் தகுந்தபடிதான் வரைந்து கொடுத்திருந்தார்கள். ஆனால் காலமெல்லாம் இடம் வலம் மாறிய அச்செழுத்தைப் படித்தே சோறு தின்றவருக்குக் கை சும்மா இருக்குமா? பழக்கதோஷத்தில் தம் பங்குக்கு இன்னொரு தடவை திருப்பி அச்செடுத்துவிட்டார். போர்டு இடம் வலமாக வந்து சேர்ந்தது. சிப்பின் முதல் கால் போகவேண்டிய ஓட்டையில் கடைசிக் கால் நின்றது.

"கண்ணாடியில காட்டினா சரியாத் தெரியுமே" என்றாள்.

"கண்ணாடிக்குள்ள போய் யாரு ஈயம் பத்தவைக்கிறது?"

இரண்டாவது போர்டு வேலை செய்தது. கீழ்வாசல் பொத்தானிலிருந்து இரண்டு கம்பிகளைச் சுவரோடு மேலே கொண்டுவந்து, சமையலறை ஜன்னல் வழியாக உள்ளே இழுத்தார். கம்பி ஒரு முழம் குறைந்தது. ஜன்னலருகே ஒட்டுப்போட்டுக் கறுப்பு டேப்பைச் சுற்றினார். கீழ்வீட்டு வாத்தியாரிடம் பொத்தானை அமுக்கச் சொன்னார். மணி குயில்போலக் கூவியது. அச்சாபீஸ்காரர் அன்று இரண்டு தடவை சாப்பிட்டார்.

மறுநாள் மத்தியானம் சாப்பிட்டுவிட்டு ஈஸிசேரில் சாய்ந்தார். மணி அடித்தது.

"பாருங்க, யாரோ வந்திருக்காங்க" என்றாள் சமையலறையிலிருந்து.

இறங்கினார். வாசலில் யாருமில்லை. ஏறினார். மூச்சு வாங்கி முடிப்பதற்குள் மறுபடி அடித்தது. இறங்கினார். வாத்தியார் தம் வாசலில் நின்று பல் குத்திக்கொண்டிருந்தார்.

"யாரு சார் வந்தது?"

"யாரும் வரலை."

"யாரும் வராமலே வரவேற்கிறீங்களே, பெரிய மனசு சார் உங்களுக்கு."

மேலே அவள் மேஜையை ஒரு பார்வை பார்த்தாள். "கோளாறா?"

"கோளாறெல்லாம் இல்லை. புது போர்டு. பழகணும்."

"பழக அது என்ன, புது மாப்பிள்ளையா?"

அன்று தொடங்கியது. ஒரு கோடு மெலிசு என்று சந்தேகப்பட்டு மூன்றாவது போர்டு செய்தார். மணி அடித்தது. இரண்டு கோடுகள் நெருக்கம் என்று நான்காவது. அடித்தது. ஈரக்காற்று என்று ஐந்தாவது போர்டுக்கு வார்னிஷ் பூசினார். பளபளப்போடு அடித்தது. திராவகக் கறை தரையில், வாளியில், இரண்டு வேட்டியில் காவியாக ஏறியது. ஒரு வேட்டி முழுவதும் ஏறியிருந்தால் சந்நியாசமாவது வாங்கியிருக்கலாம்.

கூர்ந்து கவனித்ததில் ஓர் ஒழுங்கு தெரிந்தது. சாப்பிட்டு அவர் சாய்ந்ததும் அடிக்கிறது. மேஜையில் ரொம்ப நேரம் குனிந்திருந்தால் அடிக்கிறது. பிஸ்கட் டப்பாவைத் திறந்தால் கட்டாயம் அடிக்கிறது. இதிலிருந்து எவருக்கும் என்ன தோன்றும்? அவருக்கு, சாப்பாட்டு நேரத்தில் தெருவில் மின்னழுத்தம் குறைகிறது என்று தோன்றியது. ஆறாவது போர்டை அதற்காகவே செய்தார்.

போர்டைத்தான் சந்தேகப்பட்டாரே தவிர, போர்டுக்கு வெளியே உலகம் இருப்பதே அவர் நினைவுக்கு வரவில்லை. பெற்ற பிள்ளையை அடித்துத் திருத்தும் மும்முரத்தில் பக்கத்துவீட்டுப் பையன் கண்ணுக்குப் படாததுபோல.

மணி அடித்தால் இறங்காமல் இருக்கவும் முடியாது. இறங்கவில்லையென்றால் மணி பொய் என்று ஒப்புக்கொண்டதாகும். ஒப்புக்கொண்டால் மேஜை போய்விடும். ஆகவே ஒவ்வொரு தடவையும் இறங்கிப் போய், "யாரோ அமுக்கிட்டு ஓடிட்டான்" என்று சொல்லிக்கொண்டே ஏறி வந்தார்.

மூன்று மாதம் ஆயிற்று. டாக்டர் காகிதத்தைப் பார்த்தார், இவரைப் பார்த்தார்.

"நல்லா இறங்கியிருக்கே! ஊசி வேண்டாம். என்ன சார் பண்ணினீங்க?"

"ஒண்ணும் பண்ணலையே."

டாக்டர் அவள் பக்கம் திரும்பினார். "நீங்கதான் ஏதோ ஏற்பாடு பண்ணியிருக்கேன்னு சொன்னீங்க இல்லம்மா?"

அவள் மின்விசிறியை அண்ணாந்து பார்த்தாள். அது நன்றாகத்தான் சுற்றிக்கொண்டிருந்தது.

வீட்டுக்கு வந்ததும் செருப்பைக்கூடக் கழற்றாமல் சமையலறை ஜன்னலுக்குப் போனார். ஒட்டில் சுற்றிய டேப் பிரித்துப் பிரித்துப் பசையே போயிருந்தது. உள்ளே செம்பு தேய்த்த குத்துவிளக்காக மின்னியது. இரண்டு கம்பியையும் சேர்த்துத் தொட்டால் போதும், கீழே பொத்தானை அமுக்கினதற்குச் சமம். பக்கத்து ஆணியில் எவர்சில்வர் கரண்டி தொங்கியது.

"கரண்டியா?"

"பின்னே, உங்களை மாதிரி இஸ்திரிப்பெட்டியாலயா தொட முடியும்?"

"ஆறு போர்டு! ஆறு போர்டு செஞ்சேனே!"

"அந்தக் கண்ணாடி போர்டைத் தவிர எல்லாமே நல்லா இருந்துதுங்க. ஒண்ணுகூடக் குத்தம் சொல்ல முடியாது."

"நேரா வந்து நடங்கன்னு சொன்னா என்ன?"

"சொன்னேனே. லிஃப்ட்டான்னு கேட்டீங்க."

அவர் மேஜைக்குத் திரும்பினார். போகட்டும், உண்மை தெரிந்துவிட்டது. இனி இந்த மணி தம்மை ஓர் அங்குலம் நகர்த்தாது என்று முடிவு செய்தார்.

மறுநாள் மணி அடித்தது. அவர் சிரித்தார், நகரவில்லை. மறுபடி அடித்தது. கால்மேல் கால் போட்டுக்கொண்டார்.

"வாசல்ல யாருங்க?" என்று அவள் அறை வாசலில் வந்து நின்றாள்.

"கரண்டி."

"நான் இங்கே நிக்கறேன். ரெண்டு கையிலும் மாவு."

"கையில மாவு இருக்கும். காலால தொட்டிருப்பே. உன்னை எனக்குத் தெரியாதா?"

மூன்றாவது தடவை அடித்து ஓய்ந்தது. கொஞ்ச நேரத்தில் கீழிருந்து வாத்தியார் குரல் வந்தது: "சார்! உங்க பார்சல்காரர் திரும்பிப் போறாரு!"

அடுத்த போர்டுக்கு அவர் தருவித்திருந்த செம்பு அட்டைகள். அச்சாபீஸ்காரர் படிகளை இரண்டிரண்டாகத் தாண்டினார். தெருவில் பறந்தார். முனையில் வண்டியை மடக்கிப் பிடித்து, பார்சலை மார்போடு அணைத்துக்கொண்டு, நாக்குத் தள்ள மாடி ஏறி வந்தார். அவள் தண்ணீர்ச் செம்போடு படியின் மேல் நின்றிருந்தாள்.

"டாக்டர் நடக்கத்தான் சொன்னார். ஓடச் சொல்லலை" என்றாள்.

அதற்கப்புறம் மணி அடித்தால் கரண்டியா, ஆளா என்று அவருக்குத் தெரிந்ததே இல்லை. அதனால் எல்லா மணிக்கும் இறங்கினார். ஒன்றும் தெரியாமல் மூன்று மாதம் ஏமாந்தவர், எல்லாம் தெரிந்து பல வருஷம் ஏமாந்தார். அந்த ஒட்டைப் பற்றவைத்து மூட அவருக்குப் பத்து நிமிஷம் போதும். ஏன் மூடவில்லை என்று வாத்தியார் கேட்டபோதெல்லாம் ஈயம் தீர்ந்துபோய்விட்டது என்றார்.

மேஜை இன்னும் அவருடையதுதான். அதைக் கேட்க இப்போது ஆள் இல்லை. மணியிலும் ஒரு கோளாறும் இல்லை. யாராவது வந்தால் மட்டும் அடிக்கிறது.